டாக்டரம்மா வீட்டுக்காரர்

கரட்டூர், சின்னமனூரிலிருந்து தேவாரம் போகும் பாதையில் இருந்தது. அங்குள்ள மாட்டாஸ்பத்திரிக்கு ஏசுதாசன் டாக்டராக வந்த புதிதில் வரிசை என்று ஒன்றும் கிடையாது. பெரிய வீட்டு மாடு வந்தால் மற்ற மாடுகள் ஒதுங்கி வழிவிட வேண்டும். ஆடு பிடித்து வந்த பெண்கள் வெயில் சாய்ந்த பிறகுதான் உள்ளே போக முடியும். ஏசுதாசன் அதை ஒழித்தார். பெரிய தோட்டக்காரர் ஒருவர் ஒருநாள் தன் காளையை நேரே உள்ளே கொண்டுவந்து கட்டியபோது, அதை அவிழ்த்து வெளியே அனுப்பிவிட்டு, முன்னால் வந்திருந்த ஒரு வெள்ளாட்டின் குளம்பிலிருந்து முள்ளை எடுத்தார். தோட்டக்காரர் மேலிடத்துக்குப் புகார் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. அன்றிலிருந்து ‘வந்த வரிசைப்படி’ என்பது கரட்டூரில் சட்டமாகிவிட்டது. ஏசுதாசனுக்கு அதில் பெரிய கர்வம் உண்டு. தான் செய்த காரியங்களில் சிறந்தது எது என்று யாராவது கேட்டிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார்.

அவர் கையும் நல்ல கை. கன்று குறுக்கே மாட்டிக்கொண்ட பசுவுக்கு, தோள்வரை கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு கன்றைத் திருப்பி எடுத்துவிடுவார். கொம்பில் புற்று வைத்த காளைகளை உத்தமபாளையத்திலிருந்துகூட அவரிடம் ஓட்டி வருவார்கள்.

போடி கடைத்தெருவில் துணி வியாபாரம் செய்த ஒரு குடும்பத்துப் பெண் ஜெபராணி. சென்னையில் அவரைப் போலவே கால்நடை மருத்துவம் படித்தவள். கல்யாணமாகி இரண்டு வருஷம் அவள் பெரியகுளம் பக்கத்திலும் அவர் கரட்டூரிலுமாக இருந்தார்கள். எழுபத்தாறில் கரட்டூருக்கு இரண்டாவது டாக்டர் வேலை ஒன்று அனுமதியானது. பால் சங்கம் வந்து கறவை மாடுகள் பெருகியிருந்த சமயம் அது. ஏசுதாசனே மதுரைக்குப் போய் இணை இயக்குநரைப் பார்த்து, மனைவியை அங்கே போடும்படி கேட்டு வாங்கி வந்தார்.

வந்தவளுக்குப் பின்கட்டு அறையில் ஆடுகளுக்குத் தடுப்பூசி போடும் வேலையைக் கொடுத்தார். அவளும் அதைச் செய்துகொண்டிருந்தாள்.

அந்த வருஷம் ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு சந்தை நாளில் அக்கம்மாள் என்கிற பெண் மலையடிவாரத்திலிருந்து தன் பசுவைப் பிடித்து வந்தாள். மழையில் நனைந்த தட்டப்பயற்றுக் கொடியை வயிறு முட்டத் தின்றிருந்தது பசு. இடது பக்கம் வயிறு பானைபோல் ஊதியிருந்தது. வரிசை ரோடுவரை நீண்டிருந்ததால் அக்கம்மாள் கடைசியில் போய் நின்றாள். உள்ளே ஏசுதாசன் ஒரு காளையின் கொம்பை அறுத்துத் தையல் போட்டு முடித்துக்கொண்டிருந்தார். அதற்குப் பின்னால் காயடிக்க வந்த கிடாக்களும், சினை பார்க்க வந்த எருமைகளும், ஒரு வாரமாக நொண்டிக்கொண்டிருந்த மாடுகளும் நின்றன. பசு நின்றபடி நுரை தள்ளியது. பிறகு கீழே விழுந்தது. சத்தம் கேட்டு ஜெபராணி பின்கட்டிலிருந்து ஓடி வந்து வயிற்றில் குழல் ஊசியைக் குத்தியபோது காற்று வெளியே வந்தது, உயிர் ஏற்கெனவே போயிருந்தது.

அக்கம்மாள் யாரையும் திட்டவில்லை. பசுவின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டே, “எம் மொற வரலையே ஆத்தா” என்று மட்டும் சொன்னாள்.

சாயங்காலம் வீட்டில் ஜெபராணி அதையே பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் ஒரு சத்தம் கொடுத்திருந்தால் நான் கத்தியைப் போட்டுவிட்டு ஓடி வந்திருப்பேன் என்றார் ஏசுதாசன்.

“சத்தம் போடுறவுகளத்தான் முதல்ல பாக்குறதுன்னா, அது நீங்க ஒழிச்ச பழைய வழக்கம்தானே?” என்றாள் அவள்.

அவள் சொன்னது சரி என்பதைவிட, அதைத் தன் வீட்டில், தன் தட்டில் சோறு போட்டுக்கொண்டே ஒருத்தி சொல்லிவிட்டாள் என்பதுதான் அவர் மனதில் நின்றது.

மறுநாளிலிருந்து ஜெபராணி ஆஸ்பத்திரி திறப்பதற்கு முன்பே வாசலுக்குப் போய்விட்டாள். நின்ற ஒவ்வொரு மாட்டிடமும் போய் உதட்டைத் தூக்கி ஈறின் நிறம் பார்த்தாள், மூச்சைக் கவனித்தாள், விலாவில் கை வைத்தாள். பொறுக்க முடியாதவற்றின் கொம்பில் சிவப்புத் துணி கட்டினாள். சிவப்புத் துணி கட்டிய மாடு எப்போது வந்திருந்தாலும் முதலில் உள்ளே போகும். மற்றவர்களிடம் போய், உங்கள் மாட்டுக்கு இது, இதற்கு அவசரமில்லை, மதியத்துக்குள் பார்த்துவிடுவோம், அதுவரை நிழலில் கட்டித் தண்ணி காட்டுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். நாய் கடித்த கன்றுகளையும் வெறி பிடித்ததோ என்று சந்தேகப்பட்ட நாய்களையும் தனியாகக் கொட்டகைக்கு அனுப்பினாள். உள்ளே போகும் மாடும் வெளியே வரும் மாடும் ஒரே கேட்டில் முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, பின்புறம் எப்போதோ செங்கல் வைத்து அடைத்திருந்த வழியை உடைக்கச் சொன்னாள். கடைநிலை ஊழியரான சின்னக்கருப்பு கடப்பாரை எடுத்து வந்து ஒரே மதியத்தில் அதை உடைத்துவிட்டார். கட்டுப் போட வேண்டிய மாடுகள் எல்லாம் பின்பக்கம் போயின. முன்வாசலில் நெரிசல் குறைந்தது.

ஏசுதாசன் முதலில் இதையெல்லாம் சிரிப்போடு பார்த்துக்கொண்டிருந்தார். இது எத்தனை நாளைக்கு என்று நினைத்தார். ஆனால் அது நின்றுபோகவில்லை. பெரிய தோட்டக்காரர்கள்கூட மாட்டின் கொம்பில் துணி இல்லையென்றால் முனங்காமல் நிழலில் உட்கார்ந்தார்கள். தான் வருஷக்கணக்காகச் சண்டை போட்டு வாங்கிய அடக்கத்தை இவள் ஒரு முழம் துணியில் வாங்கிவிட்டாளே என்று அவருக்குத் தோன்றியது.

பிறகுதான் அந்தக் கேள்வி ஆரம்பித்தது. மாட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே வருகிறவர்கள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, அவர் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள்.

“அம்மா எங்க போயிருக்காக?”

அவர் மாட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும்போதே கேட்டார்கள். அவர் கையை உள்ளே விட்டுக் கன்றின் காலைத் தேடிக்கொண்டிருக்கும்போதும் கேட்டார்கள். அவர் மாட்டின் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தால் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அவள் வெளியே வந்து, ஊசி போட்டாச்சு, எழுந்திரிக்கக் கொஞ்ச நேரமாகும், பயப்படாதீக என்று சொன்னால் கண்ணீர் விட்டார்கள். இத்தனைக்கும் ஊசி போட்டது அவர்.

ஒருநாள் சின்னமனூர் கடைத்தெருவில் பலவேசம் என்பவருடைய மளிகைக் கடைக்குப் போனார். அந்தக் கடையில் அவர் புதியவர். பலவேசம் அவரை நிமிர்ந்து பார்த்து, முகம் மலர்ந்து, “நீங்க கரட்டூர் டாக்டரம்மா வீட்டுக்காரருதானே?” என்று கேட்டார். தன் அண்ணன் மாட்டை அம்மாதான் பிழைக்க வைத்தார்கள் என்று சொல்லி, புதிதாக அரைத்த காப்பிப் பொடியை ஒரு பொட்டலம் கட்டி, அம்மாவிடம் கொடுக்கச் சொன்னார். அந்த அண்ணன் மாட்டை ஏசுதாசனுக்கு நன்றாக நினைவிருந்தது. கருப்பையில் புரண்டுபோன கன்றை அரை நாள் போராடி எடுத்தது அவருடைய கை. அதை அவர் சொல்லவில்லை. சொன்னால் எவ்வளவு சின்னத்தனமாக இருக்கும் என்று தெரிந்தது. சொல்லாமல் வந்ததுதான் வழியெல்லாம் நெஞ்சில் எரிந்தது. வீட்டுக்கு வந்து பொட்டலத்தை அடுப்படியில் வைத்து, “உனக்குத்தான்” என்றார். அந்தப் பொடியில் போட்ட காப்பியை அவர் கடைசிவரை குடிக்கவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டார்.

அதன் பிறகு அவர் அவள் வேலையில் குறை தேட ஆரம்பித்தார். அவள் எழுதிக் கொடுத்த மருந்தை மாட்டுக்காரர் முன்னால் அடித்துவிட்டு அதையே வேறு அளவில் எழுதினார். அவள் துணி கட்டிய மாட்டை உள்ளே கொண்டு வந்ததும், “இதுக்கா இவ்வளவு அவசரம்?” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். ஸ்கூட்டரில் சேர்ந்து போவதை நிறுத்தி, தனக்கு முன்னதாக வேலை இருக்கிறது என்று தனியாகப் போனார். ஜெபராணி இரண்டு மைல் நடந்து வந்தாள். வழியில் போகிற வண்டிக்காரர்கள் அவளை ஏற்றிக்கொண்டார்கள். ஒரு காலை அவள் கரும்பு வண்டியின் மேல் உட்கார்ந்து, வண்டிக்காரர் மனைவியோடு சிரித்துப் பேசிக்கொண்டு வந்து இறங்கியதை அவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். தன்னோடு ஸ்கூட்டரில் வரும்போது அவள் இப்படிச் சிரித்ததாக அவருக்கு நினைவில்லை.

இதைவிட மோசமான ஒன்றும் நடந்தது. அவள் அவசரமில்லை என்று நிழலில் கட்டச் சொன்ன ஒரு ஆடு மதியத்துக்குள் செத்துப்போயிற்று. குடல் முறுக்கு. அதை வெளியே பார்த்துக் கண்டுபிடிப்பது யாருக்கும் கஷ்டம். ஜெபராணி ஆட்டுக்காரியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அந்த நேரத்தில் ஏசுதாசனுக்கு உள்ளுக்குள் ஒரு இனிப்பு பரவியது. அது என்னவென்று அவருக்கே புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முழந்தாளிட்டபோதும் அது ஞாபகம் வந்தது. மன்னிப்புக் கேட்க நினைத்தார். ஆனால் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, பெண்கள் பக்கத்தில் யாரோ ஜெபராணியைத் தேடி வந்து தன் மாட்டைப் பற்றிப் பேசுவது காதில் விழுந்தது. ஜெபம் பாதியில் நின்றுவிட்டது.

மறு வருஷம் மதுரையிலிருந்து இணை இயக்குநர் பார்வையிட வந்தார். வாசலில் கூச்சல் இல்லாததையும், பின்வழியாக மாடுகள் போவதையும், காத்திருந்தவர்கள் பொறுமையாக உட்கார்ந்திருந்ததையும் பார்த்து அசந்துபோனார். மற்ற ஆஸ்பத்திரிகளில் தன் ஜீப்பையே மறித்துக்கொள்கிறார்கள் என்றார். ஏசுதாசன் தோளில் கை வைத்து, “பிரமாதம் தாசன். இத எல்லா ஊருக்கும் சொல்லணும்” என்றார்.

ஜெபராணி இரண்டடி தள்ளி நின்றிருந்தாள். ஏசுதாசன் வாயைத் திறந்தார். “தேங்க் யூ சார்” என்ற சொல் வந்தது. அதற்குமேல் வரவில்லை. இணை இயக்குநர் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

மறுவாரத்திலிருந்து ஜெபராணி மலையடிவார ஊர்களில் கோமாரித் தடுப்பூசி முகாம்கள் எல்லாவற்றையும் தானே எடுத்துக்கொண்டாள். காலையில் தேவாரம் பஸ்ஸில் போனால் பொழுது சாயத்தான் வருவாள். ஆஸ்பத்திரி வாசலில் அவள் இல்லை. தான் விரும்பியது இதுதான் என்று ஏசுதாசன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அவள் இல்லாத முதல் சந்தை நாளில், சிவப்புத் துணியெல்லாம் வேண்டாம், வந்த வரிசைப்படி விடு என்று சின்னக்கருப்புவிடம் சொன்னார். சின்னக்கருப்பு ஏதோ சொல்ல வந்து, சரி ஐயா என்று போய்விட்டார்.

வெயில் ஏறிய நேரத்தில் ஏசுதாசன் உள்ளே, ஒரு காளையின் நுகத்தடிப் புண்ணைச் சுரண்டிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். வெளியே திடீரென்று ஆட்கள் எழுந்து நடமாடும் சத்தம் கேட்டது. வரிசையைக் கலைக்கிறார்கள் என்று அவருக்குக் கோபம் வந்தது. அதற்குள் ஒரு கட்டைவண்டியைப் பத்துப் பதினைந்து பேர் கையாலேயே தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்கள். வண்டியில் ஒரு சிவலைப் பசு கிடந்தது.

“யாரு உள்ள விட்டது?” என்று கேட்டார்.

வரிசையில் முதலாவதாக நின்றிருந்த முத்துவீரன் முன்னால் வந்தார். அவருடைய எருமை இன்னும் வாசலில் கட்டிக் கிடந்தது. “நாங்கதான் விட்டோம்யா. எங்க மாடெல்லாம் நிக்கும். இது நிக்காது. ஈறப் பாருங்க, ரத்தமாச் செவந்து கெடக்கு” என்றார்.

ஏசுதாசன் குனிந்து பார்த்தார். மழை தப்பி வாடிய சோளக் குருத்தைத் தின்ற மாடு. விஷம் ஏறி மூச்சு விட்டுவிட்டு வந்தது. இன்னும் சற்று வெளியே நின்றிருந்தால் முடிந்திருக்கும். அதற்கு மேல் அவர் கண்ணில் வேறு எதுவும் படவில்லை. மருந்தைக் கரைத்து, கழுத்து நரம்பைத் தேடி ஊசியை ஏற்றினார். சின்னக்கருப்பு தலையைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது புட்டி பாதி இறங்கும்போது பசுவின் மூச்சு சீரானது. கண் அசைந்தது. கொஞ்ச நேரம் கழித்து முன்னங்காலை மடக்கி எழ முயன்றது. அப்படியொரு துல்லியமான வேலை அவர் வாழ்க்கையில் சிலமுறைதான் அமைந்திருந்தது. உடம்பெல்லாம் வேர்வை. நெஞ்சு லேசாக இருந்தது.

பசுவின் சொந்தக்காரர் தங்கபாண்டி, ஆஸ்பத்திரிக்கு அடுத்தாற்போல் நிலம் வைத்திருந்தவர். அவர் டாக்டர் காலில் விழப்போனார். பிறகு கையைத் தூக்கி வாசலைப் பார்த்துக் கும்பிட்டார்.

“அம்மா புண்ணியத்துல பொழச்சுச்சு சாமி. அவுக பழக்கி விட்டதாலதான் எல்லாரும் வழி விட்டாக.”

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஆமாம் என்றார்கள். ஏசுதாசனும் ஆமாம் என்பதுபோல் தலையை அசைத்தார்.

அன்று சாயங்காலம் ஜெபராணி முகாமிலிருந்து புழுதியோடு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். ஏசுதாசன் கிணற்றடிக்கே போய், நடந்ததைச் சொன்னார். சொல்லிக்கொண்டே வந்தவர் கடைசியில் குரல் உயர்ந்து, தான் எவ்வளவு செய்தாலும் இந்த ஊரில் அது அவள் கணக்கில்தான் போகிறது என்றார். ஊரில் இல்லாதபோதும் அவள்தான் காப்பாற்றுகிறாள், தான் எதற்கு என்று கேட்டார்.

அவள் செம்பைக் கீழே வைத்தாள்.

“நான் ஏன் வாசல்ல போய் நின்னேன்னு ஒருநாளாவது கேட்டீங்களா? உள்ள உங்க கை செய்யிறதப் பாத்தாலே, என் கையால இது ஆகாதுன்னு எனக்குத் தெரியும். காலேஜ்லயே தெரியும். ராத்திரியெல்லாம் எரிச்சலா இருக்கும். அந்த எரிச்சலோட உள்ள நிக்க முடியாமத்தான் வெளிய போனேன். வெளிய எனக்குன்னு ஒண்ணு கெடச்சுச்சு. அதையும் அந்த ஆபீசர் முன்னால நீங்க எடுத்துக்கிட்டீங்க.”

இவளுக்கும் தன் மேல் பொறாமை இருந்தது என்பது அவருக்கு இத்தனை நாளாகத் தெரியாது. அதைக் கேட்டு முதலில் வந்தது சந்தோஷம்தான். பிறகுதான் வெட்கம் வந்தது.

அவள் அதற்குமேல் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. உள்ளே போய்ச் சோறு வடித்தாள்.

அடுத்த சந்தை நாளில் ஏசுதாசன் தானே வாசலுக்குப் போனார். மாடுகளைப் பார்ப்பது அவருக்குச் சிரமமில்லை. எது பொறுக்கும், எது பொறுக்காது என்று பார்த்த உடனே தெரிந்தது. ஆட்களிடம் பேசுவதுதான் வரவில்லை. ஒரு பெண் தன் கன்றைக் காட்டி, பிழைக்குமா என்று கேட்டாள். அவர் கழிச்சல் நோயின் பெயரைச் சொன்னார். அவள் மறுபடியும் அதையே கேட்டாள். மாட்டை உள்ளே கட்டிவிட்டு வந்து, எவ்வளவு நேரமாகும் என்று இன்னொருவர் கேட்டார். ஆகும்போது ஆகும் என்று சொல்லப்போய் நிறுத்திக்கொண்டார். மதியத்துக்குள் நாக்கு வறண்டு, கத்தி பிடிப்பதைவிட இது களைப்பாக இருந்தது. அன்றைக்கு முகாம் இல்லை. ஜெபராணி பின்கட்டு ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தாள் என்றுதான் சொல்லவேண்டும். பிறகு வந்து அந்தக் கன்றுக்காரியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நீங்க உள்ள போங்க. கெடா ஒண்ணு காத்துக்கிட்டிருக்கு” என்றாள்.

அந்த வாரமே ஏசுதாசன் லீவு போட்டு மதுரைக்குப் போனார். இணை இயக்குநர் அறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கரட்டூர் ஏற்பாடு முழுவதும் தன் மனைவியுடையது, தான் அதில் ஒன்றும் செய்யவில்லை, செய்யாதது மட்டுமல்ல, தடுத்தும் பார்த்ததாகச் சொன்னார். இணை இயக்குநர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கினார். இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று கேட்டார். பிறகு, புருஷன் செய்தால் என்ன, பெண்டாட்டி செய்தால் என்ன, எல்லாம் ஒன்றுதானே என்றார்.

பஸ்ஸில் ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போதும், தேனியில் இறங்கி அடுத்த பஸ் மாறும்போதும் அந்த வார்த்தை ஏசுதாசன் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து அப்படியே ஜெபராணியிடம் சொன்னார்.

“ஒண்ணுதான்னா சொன்னாரு?” என்றாள் அவள். “நீங்க என்ன சொன்னீங்க?”

“இல்ல சார், ரெண்டுன்னு சொன்னேன். என்னைய ஒருமாதிரியாப் பாத்தாரு.”

அவள் சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவரிடம் சிரித்த சிரிப்பு. அதற்குப் பிறகும் கரட்டூரில் ஜனங்கள் உள்ளே வந்து, அவர் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, அம்மாவைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் அவருக்குச் சுருக்கென்று இருந்தது. வெளியே நிற்கிறாள், போகும்போது பார்த்துவிட்டுப் போங்கள் என்று சொல்லிவிட்டு, அவர் மாட்டின் மேல் கையை வைப்பார்.